எப்போது அளந்த 36?

என் பிழைப்பு மானிகளோடு. ஆலைகளிலிருந்து வரும் அழுத்தமானிகளையும் வெப்பமானிகளையும் ஆய்வகத்தின் தரமானியோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். 20 வருடமாக இதே வேலை. அப்படிப்பட்டவன் சொந்த பைக்கின் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்வதில் கொஞ்சம் வெட்கம் இருக்கத்தான் செய்கிறது.

எண் தெரியாது என்று சொல்ல முடியாது. என் 600 சிசி பைக்கின் டயர் அளவு முன்னால் 120/70, பின்னால் 180/55, இரண்டும் 17 அங்குலம். பின் சக்கரத்தைத் தாங்கும் கையில் ஒட்டியிருக்கும் தாளில் முன் டயருக்கு 36, பின் டயருக்கு 42 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) என்று அச்சிட்டிருக்கிறார்கள். இந்த வகை பைக்குகள் பலவற்றுக்கும் இதே ஜோடி எண்தான். 'பார்' என்ற அலகில் சொன்னால் 2.5, 2.9. மாதம் ஒருமுறை அளப்பேன், குறைந்திருந்தால் நிரப்புவேன், கடமை முடிந்தது என்று போய்விடுவேன்.

முதன்முதலாகப் பந்தயத் தடத்தில் ஓட்டப் போன நாளிலும் அதே 36, 42. விடியற்காலையில் வீட்டு வாசலிலேயே அளந்து, சரியாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். மற்றவர்கள் அங்கே வந்து காற்றை அளக்கும் கேஜைத் தேடி அலைவதைப் பார்த்தபோது உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. முதல் ஓட்டம் தடத்தைப் பழகுவதில் போயிற்று. இரண்டாவது நன்றாக இருந்தது. மூன்றாவது ஓட்டத்தில், ஒரு நீண்ட வலது வளைவிலிருந்து வெளியே வந்து ஆக்ஸிலரேட்டரைத் திருகியதும் பின் சக்கரம் இடப்பக்கம் நழுவியது. கையைத் தளர்த்தினேன், பிடித்துக்கொண்டது. அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னும் மெதுவாகத் திருகினேன். அப்போதும் நழுவியது. மூன்றாவது முறை சோதிக்கத் தைரியம் இல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அங்கே டயர் மாற்றித் தரும் பெரியவர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அண்ணன்தான்.

"எத்தனை வைத்திருக்கிறாய், தம்பி?"

"36, 42 அண்ணே."

"எப்போது?"

"காலையில்."

"காலையில் இருந்ததை யார் கேட்டது?" என்று சொல்லிவிட்டுத் தன் கேஜைப் பின் வால்வில் பொருத்தினார். 50. முன்னால் 43.

இன்னொருவனிடம் ஒரு மானி 42 காட்டியது என்று கேட்டால், என்ன வெப்பநிலையில் என்பதுதான் என் முதல் கேள்வியாக இருந்திருக்கும். வெப்பநிலை எழுதாத அழுத்த அளவைச் சான்றிதழில் ஏற்கவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன். அதை எனக்கே ஒருவர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

அண்ணன் வால்வின் ஊசியை நகத்தால் அழுத்திக் காற்றை இறக்கினார். முன்னால் 35, பின்னால் 33. "சூட்டில் இது" என்றார். நான்காவது ஓட்டத்தில் அதே வளைவு, அதே டயர், அதே நான். பின் சக்கரம் தரையைவிட்டு அசையவில்லை.

*

அன்றிரவு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். டயருக்குள் அடைபட்ட காற்று வெளியேற முடியாது. டயரின் கொள்ளளவும் பெரிதாக மாறாது. அப்படியானால் சூடேற ஏற அழுத்தமும் ஏறியாக வேண்டும். பள்ளிப் பாடம்தான். ஆனால் பலரும் சறுக்குவது ஒரு இடத்தில்: கேஜ் காட்டுவது முழு அழுத்தம் அன்று, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே. கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. ஆகவே கேஜில் 36 என்றால் உண்மையில் உள்ளே இருப்பது 50.7. வெப்பநிலையையும் 273 சேர்த்துக் கெல்வினாக எடுக்க வேண்டும்.

காலையில் 25 டிகிரி, அதாவது 298. தடத்தில் ஓடிய பிறகு உள்காற்று 65 டிகிரி என்று வைத்துப் பார்த்தேன், அதாவது 338. 50.7ஐ 338ஆல் பெருக்கி 298ஆல் வகுத்தால் 57.5. அதில் 14.7ஐக் கழித்தால் 42.8. அண்ணனின் கேஜ் காட்டியது 43. பின் டயருக்கு அதே கணக்கைப் போட்டால் 49.6 வருகிறது. கேஜ் காட்டியது 50.

நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டேன். அவருடைய கேஜ் எனக்கு வெப்பமானியாகவும் வேலை செய்திருக்கிறது. அழுத்தம் எவ்வளவு ஏறியது என்று தெரிந்தால் டயர் எவ்வளவு வெந்தது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு எனக்கு 36, 42 போன்ற தனி எண்களில் ஆர்வம் குறைந்துவிட்டது. குளிர்ந்தபோது இருந்ததற்கும் சூட்டில் இருப்பதற்கும் நடுவே உள்ள வித்தியாசத்தையே பார்க்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை இன்னொரு பாடம் காத்திருந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் கேஜை வைத்தேன். முன்னால் 28.5, பின்னால் 26.5. ஆம், தடத்தில் இறக்கிய காற்றை ஏற்ற மறந்து, முதுகிலும் பின்னிருக்கையிலும் பைகளோடு, நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் அப்படியே வீட்டுக்கு வந்திருக்கிறேன். வரும் வழியில் ஹேண்டில் கனமாக, எதையோ யோசித்துவிட்டுத் திரும்புவதுபோல் இருந்தது. நாள் முழுக்க ஓட்டிய களைப்பு என் கைகளில் என்று நினைத்துக்கொண்டேன். களைப்பு என் கைகளில் இல்லை, பின் டயரில் 15 பி.எஸ்.ஐ. குறைவாக இருந்தது.

*

அந்த 15 ஏன் பெரிய விஷயம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பைக், அதில் உட்காருபவர், உடுப்பு எல்லாம் சேர்த்து 280 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 140. 36 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ. 140ஐ 2.5ஆல் வகுத்தால் 56 சதுர சென்டிமீட்டர். சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவித் தரையில் போடுங்கள். அதன் பரப்பு அவ்வளவுதான். டயரின் உடலும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவதால் இது தோராயக் கணக்கு. ஆனாலும் முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு, அவற்றின்மேல்தான் எல்லாமே என்பது பொய்யில்லை.

அழுத்தத்தைக் குறைத்தால் சீட்டு பெரிதாகும். இது வரைக்கும் கேட்டதும், "அப்படியானால் சாலையிலும் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடுமே" என்று பலரும் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நானும் வந்தேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதைவிட அளந்து பார்ப்பது என் குணம் என்பதால், ஒரே சாலையில், ஒரே வேகத்தில், காலை 25 டிகிரியில், இரண்டு வெவ்வேறு நாட்கள் 40 நிமிடம் ஓட்டிப் பார்த்தேன்.

முதல் நாள் தாளில் உள்ளபடி 36, 42. நிறுத்தியவுடன் அளந்தால் 39.5, 46.5. ஏறத்தாழ 10 சதவீத ஏற்றம். இரண்டாம் நாள் 30, 32. நிறுத்தியவுடன் 34.5, 37. அதாவது 15 சதவீதம். கணக்கில் போட்டுப் பார்த்தால் முதல் நாள் உள்காற்று 46 முதல் 49 டிகிரி, இரண்டாம் நாள் 55 முதல் 57. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது. ரப்பர் நசுங்கி நிமிரும்போது கொடுத்த ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை, மிச்சத்தைச் சூடாக வைத்துக்கொள்கிறது. பழைய ஓட்டுநர்கள் சொல்லும் கைக்கணக்கு இதிலிருந்து வந்ததுதான்: சாலையில் குளிர்ந்த எண்ணிலிருந்து 10 சதவீதம் ஏறினால் சரி, அதற்கு மேல் வெகுவாக ஏறினால் குறைவாக வைத்துத் தொடங்கியிருக்கிறாய், ஏறவே இல்லையென்றால் அதிகம் வைத்திருக்கிறாய். நான் கைக்கணக்குகளை எளிதில் நம்புகிறவன் இல்லை. இதை நம்புகிறேன்.

இரண்டாம் நாள் ஓட்டம் எப்படி இருந்தது என்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொகுசாக இருந்தது. சின்ன மேடுகள் எதுவும் முதுகுக்கு வந்து சேரவில்லை. டயர் சூடாக இருந்ததால் பிடிப்பும் கூடியதுபோல் ஒரு நினைப்பு. ஆனால் வளைவில் பைக்கைச் சாய்க்கக் கூடுதல் தள்ளு வேண்டியிருந்தது. பாதி வளைவில் பாதையைத் திருத்த முயன்றால் பின்புறம் ஒரு நொடி தாமதித்து ஊசலாடியது. ஒரு குழியின் விளிம்பில் முன் சக்கரம் இறங்கியபோது 'டங்' என்று ரிம்மின் ஓசை கேட்டது. அந்த ஓசையோடு என் ஆராய்ச்சி முடிந்தது. சாலையில் குழி இருக்கும், பின்னால் ஒருவர் ஏறுவார், பெட்டி ஏறும், ஒரு மணி நேரம் ஒரே வேகத்தில் நேராக ஓட வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் அச்சிட்ட எண் இவை அத்தனைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. தடத்தில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அதனால்தான் அங்கே குறைக்க முடிகிறது.

டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் நண்பன் ஒருவன் அதைப் படித்துவிட்டு இரண்டு டயர்களிலும் 42 நிரப்பி, பைக் முயல்போல் துள்ளுகிறது என்று புலம்பினான். அந்த எண், டயர் தாங்கக்கூடிய உச்ச பாரத்துக்கு உரிய அழுத்தம். உங்கள் பைக்குக்கு எவ்வளவு என்பது டயருக்குத் தெரியாது. ஒரே டயர் இலகுவான பைக்கிலும் ஏறும், கனமான பைக்கிலும் ஏறும். பைக்கில் ஒட்டியிருக்கும் தாளையும் கையேட்டையும் பாருங்கள். சில கையேடுகளில் தனியாகப் போவதற்கு ஒன்று, இருவர் போவதற்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும்.

*

இனி கேஜ். இதில் நான் கொஞ்சம் நீட்டி முழக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள், இது என் தொழில்.

வீட்டில் இருந்த இரண்டு கேஜ்களை ஒரு நாள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய்த் தரமானியோடு கோத்தேன். ஒன்று, முள் வைத்த பெரிய கேஜ், பார்க்கவே கம்பீரமாக இருக்கும். 30 கொடுத்தால் 33 காட்டியது. இன்னொன்று பேனா அளவு, 30க்கு 30.5. கம்பீரமான கேஜின் முகத்தில் 0 முதல் 160 வரை எழுதியிருந்தது. அதுதான் கோளாறு. முள் மானிகளின் துல்லியத்தைப் பெரும்பாலும் முழு அளவின் சதவீதமாகத்தான் சொல்வார்கள். 160இல் 2 சதவீதம் என்றால் 3.2 பி.எஸ்.ஐ. முள் எங்கே நின்றாலும் அவ்வளவு பிழைக்கு அதற்கு உரிமை உண்டு. அதே 2 சதவீதம், 60 வரை மட்டும் காட்டும் கேஜில் 1.2 தான். கேஜ் வாங்கும்போது முகத்தில் எழுதிய கடைசி எண்ணைப் பாருங்கள். நாம் அளக்கப்போகும் 25 முதல் 45 வரையிலான இடம் முகத்தின் நடுவில் விழ வேண்டும்.

முள் கேஜின் உள்ளே இருப்பது வளைந்த மெல்லிய உலோகக் குழாய். 1849இல் பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த அதே ஏற்பாடு. அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், முள் நகரும். ஒருமுறை கீழே போட்டால் குழாயின் வளைவு மாறிவிடும், பிறகு ஆயுள் முழுக்க அது ஒரே பொய்யைச் சொல்லும். கருவிப் பெட்டியில் ஸ்பேனர்களோடு கேஜை எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆனால் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கேஜ் அவ்வளவு மோசமும் இல்லை. எங்கள் தொழிலில் சரியாகக் காட்டுவது வேறு, மாறாமல் காட்டுவது வேறு. போன வாரம் பிடித்த அழுத்தத்தை இந்த வாரமும் பிடிக்க வேண்டுமென்றால் மாறாமல் காட்டினால் போதும். கையேட்டின் 36ஐயோ அடுத்தவர் சொன்ன 33ஐயோ பிடிக்க வேண்டுமென்றால்தான் சரியாகவும் காட்ட வேண்டும். ஆகவே ஒரே கேஜை எங்கும் கொண்டுபோங்கள். காற்று நிரப்புமிடத்துக் குழாயில் தொங்கும் மானி ஒரு நாளைக்கு எத்தனை முறை தரையில் விழுகிறது என்று நின்று பாருங்கள்.

எப்போது அளப்பது என்பதும் கேஜின் பிழையைப்போலவே எண்ணைத் தின்றுவிடும். ஒரு நாள் காலையில் முன் சக்கரம் வெயிலிலும் பின் சக்கரம் சுவரின் நிழலிலுமாக நின்ற பைக்கை அளந்தேன். முன் டயர் 38 காட்டியது. முந்தைய இரவு 36 இருந்த டயர். பைக் நகரவே இல்லை. வெயில் மட்டும் 2 பி.எஸ்.ஐ. ஏற்றியிருக்கிறது. அதை நம்பிக் காற்றை இறக்கியிருந்தால் மாலையில் 34 ஆகியிருக்கும். குளிர்ந்த அழுத்தம் என்றால் பைக் மூன்று மணி நேரமாவது ஓடாமல், நிழலில் நின்ற பிறகு அளப்பது.

மலை ஏறுபவர்கள் சிலர் மேலே போய்க் காற்றை இறக்க வேண்டுமா என்று கேட்பதுண்டு. 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று 11.5 பி.எஸ்.ஐ. அளவுக்கு மெலிந்துவிடுவதால் கேஜ் 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். ஆனால் மேலே குளிரும். கீழே 30 டிகிரியில் 36 வைத்த டயர், மேலே 15 டிகிரியில் 36.7 காட்டும். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. கேஜைப் பையிலேயே வைத்துவிட்டு மலையைப் பாருங்கள்.

*

தடத்துக்கு இப்போது எப்படிப் போகிறேன்?

சாலைக்கும் தடத்துக்குமாகச் செய்த ஸ்போர்ட் டயர்கள்தான் என்னுடையவை. அங்கே போய்ச் சேர்ந்து, பைக்கை நிழலில் நிறுத்தி, டயர் நன்றாகக் குளிர்ந்த பிறகு முன்னால் 30, பின்னால் 29இல் தொடங்குகிறேன். இது என் டயருக்கும் என் எடைக்கும் என் வேகத்துக்கும் உரிய எண். உங்கள் டயரைச் செய்தவர் தடத்துக்கென்று தனி எண் கொடுத்திருப்பார், அதில் தொடங்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து உள்ளே வந்தவுடன், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அளப்பேன். எப்போதும் பின் டயர் முதலில், பிறகு முன் டயர். வரிசை மாறினால் ஒன்று கூடுதலாகக் குளிர்ந்திருக்கும், ஒப்பிட முடியாது. 30 டிகிரி காலையில் தொடங்கிய டயர் மதியம் தடம் வெந்திருக்கும் நேரத்தில் வேறு டயர். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சூட்டு எண் 35, 34 பக்கம் வரும்படி கொஞ்சம் இறக்குவேன். ஒரு நேரத்தில் 1 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அதே காரணத்துக்காக, அழுத்தத்தை மாற்றும் நாளில் சஸ்பென்ஷன் திருகாணிகளைத் தொடுவதில்லை. டயரின் மேற்பரப்பு கிழியும் விதத்தைப் பார்த்து அண்ணன் பலதும் சொல்வார். ஆனால் அவரே, அழுத்தக் கோளாறும் ஷாக் அப்சார்பர் கோளாறும் ரப்பரில் ஏறத்தாழ ஒரே கோலத்தைப் போடும் என்பார். இரண்டையும் ஒன்றாகத் திருகிவிட்டு அவரிடம் டயரைக் காட்டினால் திட்டு விழும்.

பந்தயத்துக்கென்றே செய்த, பள்ளக்கோடுகள் இல்லாத ஸ்லிக் டயர் ஓட்டுபவர்கள் பின்னால் சூட்டில் 23, 24 என்று பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். அவர்களுடைய டயரின் உடற்கட்டு வேறு, அந்தக் குறைந்த அழுத்தத்தில் நிற்பதற்காகவே கட்டியது. டயர் வார்மர் என்ற மின்போர்வையைச் சுற்றி 80 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, சூட்டிலேயே அழுத்தத்தை வைத்துக்கொண்டு வெளியே போகிறார்கள். அந்த எண்ணைச் சாலை டயரில் வைத்தால் டயர் ரிம்மின்மேல் நெளியும். அடுத்தவரின் எண்ணை வாங்கும்போது டயரின் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள்; சூட்டிலா குளிரிலா என்பதையும். இந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த எண்ணைக் காற்றோடு விட்டுவிடலாம்.

மழை பெய்தால்? சாலையில் ஒன்றும் செய்ய வேண்டாம், கையேட்டின் எண்ணே இருக்கட்டும். ஈரத்தில் காற்றை இறக்க வேண்டும் என்பது தலைகீழான யோசனை. தேங்கிய நீரின்மேல் சக்கரம் மிதக்கத் தொடங்கும் வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும் என்று 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் காட்டினார்கள். காற்றை இறக்கினால் குறைந்த வேகத்திலேயே மிதக்கும். தடத்திலும் மழைநாளில் சாலை டயரை வெயில் நாளைவிட 2, 3 கூட்டியே தொடங்குகிறேன். டயர் சூடேறப்போவதில்லை, அழுத்தமும் ஏறப்போவதில்லை. சேர வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புறப்பட வேண்டும்.

நைட்ரஜன் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் அதுவும் அதே கணக்கில்தான் ஏறும். ஈரம் இல்லாமல் கிடைக்கிறது என்பதுதான் முக்கியமான லாபம். என் வேகத்தில் அந்த லாபம் கேஜுக்கே தெரியாது. வால்வு மூடியைத் தொலைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். சக்கரம் வேகமாகச் சுழலும்போது வால்வு ஊசியை டயரின் பக்கமாகத் தள்ளி, வால்வைத் திறக்கப் பார்க்கும் விசை உண்டு. உள்ளே ரப்பர் வளையம் வைத்த உலோக மூடி இரண்டாவது கதவாக நிற்கும்.

*

உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்களும் இதே ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ.க்காகத்தான் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு ஒரு ஆறுதல். உலக பைக் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபியில் 2024 முதல் முன் டயரின் குறைந்தபட்ச அழுத்தம் 1.8 பார், அதாவது 26 பி.எஸ்.ஐ. பந்தயத்தின் 60 சதவீதச் சுற்றுகளிலாவது அதற்குக் கீழே போகக் கூடாது. போனால் 16 வினாடி தண்டனை. தனியாக முன்னால் ஓடுபவரின் முன் டயருக்குக் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும், அழுத்தம் இறங்கும். இன்னொரு பைக்கின் பின்னால் ஓடினால் வெந்த காற்று, அழுத்தம் ஏறும். 2025 தாய்லாந்துப் பந்தயத்தில் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த மார்க் மார்க்கெஸ் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தம்பி அலெக்ஸை முன்னால் விட்டு, அவர் பின்னாலேயே ஓடி டயரைச் சூடேற்றிக்கொண்டு, கடைசிச் சில சுற்றுகளில் முந்தி வென்றார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பைக்கில் ஏதோ பழுது என்றுதான் முதலில் தோன்றியது. அதே ஆண்டு கத்தாரில் இரண்டாவதாக வந்த மாவெரிக் வின்யாலெஸ் அழுத்தம் குறைந்ததற்காக 16 வினாடி தண்டனை பெற்று 14ஆம் இடத்துக்குப் போனார். என் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு யாராவது தண்டனை விதித்திருந்தால் நான் இன்னும் வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.

அந்தப் பயணம் மறுபடி நேராமல் இருக்க ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். தடத்தில் காற்றை இறக்கும்போதே சாவித் துளையின்மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி 'காற்று' என்று எழுதிவிடுவேன். அதைப் பிய்க்காமல் வண்டி கிளம்பாது.

போன வாரமும் கடைசி ஓட்டம் முடிந்து, பைகளைக் கட்டி, டேப்பைப் பார்த்துக் காற்றடிக்கும் பம்பை எடுத்தேன். டயர் இன்னும் கதகதப்பாக இருந்தது. இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு: சூடாக இருக்கும் டயரில் 36, 42 நிரப்பினால் காலையில் அது இருக்காது. உள்ளே 45 டிகிரி என்று கைக்குத் தோன்றியது. காலையில் 25 டிகிரியில் 36, 42 வேண்டுமானால் இப்போது 39.5, 46 என்று கணக்கு வந்தது. பக்கத்தில் நின்ற இளைஞன் கேஜை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, 46 அதிகமில்லையா?" என்றான். என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள் காலை 24 டிகிரி. முன்னால் 36, பின்னால் 41. பின்னால் ஒன்று ஏற்றினேன், நோட்டில் எழுதினேன்.